பாசி ஒட்டிய பக்கங்கள்

என் தங்கையை எங்கள் அம்மாவின் நினைவிலிருந்து வெட்டி எடுத்தவள் நான்தான். நோய் அல்ல, முதுமை அல்ல... நான்!

கத்தரிக்கோலால்கூட இல்லை. கத்தரிக்கோல் கோணலாகப் போய்விடும். சவர பிளேடை இரண்டாக உடைத்து, ஸ்கேல் வைத்து, கூந்தல் வளைகிற இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிகச் சுத்தமாக வெட்டினேன். கைவேலையில் எனக்கு எப்போதுமே நல்ல பெயர்.

இரண்டு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கணவருக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் எனக்கு யாரோ. நாளைக்கு என் வாசல் வழியாக நடந்து போகப்போகிறவர் இல்லை. அதனால்தான் உங்களிடம் வாய் திறக்கிறேன்.

என் பெயர் முனீஸ்வரி. பாம்பனுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஊர். கணவர் சுற்றுலா வருகிறவர்களைத் தனுஷ்கோடிக்கு வேனில் கூட்டிப்போய் வருகிறார். நான் வீட்டிலிருந்தபடி ஆல்பம் செய்கிறேன். கடையில் கிடைக்கிற ஆல்பம் அல்ல. கெட்டி அட்டைகளை வெட்டி, வலை பின்னும் நூலால் தைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் புகைப்படத்தோடு பழைய சேலைக்கரை, பிள்ளையின் கொலுசிலிருந்து உதிர்ந்த மணி, கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை என்று எதையாவது சேர்த்து ஒட்டி, கீழே என் கையெழுத்தில் இரண்டு வரி எழுதித் தருவேன். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிவைத்து வாங்கிப்போவார்கள்.

என் ஆல்பத்தை மற்ற ஆல்பங்களோடு வைத்துப் பார்த்தால் எது என்னுடையது என்று யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். என்னுடையதில் கடற்பாசி இருக்கும். பாசியை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, அகலத் தட்டில் மிதக்கவிட்டு, அடியில் அட்டையைச் செலுத்தி மெதுவாகத் தூக்க வேண்டும். இழை இழையாக விரிந்தபடியே அட்டையில் படிந்துவிடும். மேலே பழைய வேட்டித் துணி, செய்தித்தாள், அதற்கும் மேலே அரிசி டிரம். நான்கு நாளில் காய்ந்து, தன் பசையாலேயே ஒட்டிக்கொள்ளும். மைக்கோடு போட்டதுபோல அழகாக இருக்கும்.

பாசியை எனக்குக் காட்டித் தந்தது அம்மாதான். ஆல்பத்துக்காக அல்ல, பிழைப்புக்காக. அய்யா நாங்கள் சிறுமிகளாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா விரல்களில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி எடுத்து எங்கள் இருவரையும் வளர்த்தாள்.

கடலில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. அங்கே பாசி எடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் உள்ள சட்டம்தான். அம்மா மட்டும் அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாறையில் கத்தி படக் கூடாது. கையால்தான் பறிக்க வேண்டும். பறிக்கும்போதும் வேரை விட்டுவிட வேண்டும். வேர் இருந்தால் அதே இடத்தில் மறுபடி வளரும். அவசரத்தில் யாராவது தகரத்தைப் போட்டுச் சுரண்டியிருந்தால், தண்ணீருக்கடியில் பாறையைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டாள்.

பத்தாம் வகுப்போடு நான் அம்மாவுடன் கடலில் இறங்கினேன். தங்கை நம்புசெல்வி படித்தாள். படித்து நர்ஸ் ஆனாள். சென்னையில் வேலை, அங்கேயே விரும்பியவரோடு திருமணம். அம்மாவே முன்னின்று நடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செல்வியிடமிருந்து போன் வரும். வருடத்துக்கு ஒருமுறை அவளே வருவாள். அவளைப் பற்றி ஒரு குறை சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்...

அம்மாவுக்கு மறதி வந்தது கடல் வழியாகத்தான் தெரிந்தது. வேலையை விட்டு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, ஒரு நாள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நீரேற்றத்தில் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்ப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: குடும்பப் படங்களை ஒரு புத்தகமாக ஒட்டுங்கள், யார் யார் என்று பெயர் சொல்லித் தினமும் காட்டுங்கள், இருக்கிற நினைவு கொஞ்ச நாள் தங்கும்.

இதைவிட எனக்கேற்ற மருந்து வேறு என்ன! பதினெட்டுப் பக்கம். அம்மாவின் விரல் துணி ஒன்றை முதல் பக்கத்தில் ஒட்டினேன். அட்டைக்கு அவளுடைய இடுப்புப் பையின் துணி. அய்யாவின் படம், எங்கள் காதுகுத்து, செல்வியின் பள்ளிக்கூடம், என் கல்யாணம், அவள் கல்யாணம். செய்து முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதுவரை நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

தினமும் காலை இட்லி முடிந்ததும் அதை அவள் மடியில் வைத்து வாசிப்பேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் வாசிப்பதுதான் அங்கே எழுதியிருப்பது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்... நான் கவனித்துக்கொண்டேன்.

செல்வி இருந்த படங்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் அம்மா நின்றுவிடுவாள். அவள் முகத்தைத் தடவுவாள். “செல்வி எப்ப வாரா?” என்பாள். அடுத்த மாதம் வருகிறாள் என்பேன். பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் அதே கேள்வி. என் படம் வந்தால் புரட்டிக்கொண்டு போய்விடுவாள். அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது, யார் பெற்ற பிள்ளையோ என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்று என்னிடமே சொல்வாள். நான் சிரித்துக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

பிறகு அந்த நாள். வழக்கமான பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அங்கிருந்த நர்ஸ் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

“ஒண்ணுதான். செல்வி. மெட்ராஸ்ல ஒன்னைய மாதிரி நர்ஸா இருக்கா” என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “இது பாவம், கூடமாட ஒத்தாசைக்கு வரும்” என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். வழியில் அம்மா நனைத்துக்கொண்ட சேலை ஒரு பாலிதீன் பையில் என் கையில் இருந்தது. மாற்றுச் சேலை கட்டிவிட்டு அப்போதுதான் வந்து நின்றிருந்தேன்.

நோயாளி சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன், வீடு வந்து சேரும்வரை. அம்மா கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினாள். நான் பிளேடை எடுத்தேன்.

என்னிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. செல்வியைப் பார்த்துப் பார்த்துத்தானே ஏங்குகிறாள், பார்க்காவிட்டால் ஏக்கம் குறையுமே! நல்ல சமாதானம் அல்லவா? அதை நான் ஒரு கணம்கூட நம்பவில்லை. என் கைக்குத் தெரியும், அது எதற்காக வெட்டிக்கொண்டிருந்தது என்று. எனக்குப் பொறாமை. நாற்பத்தாறு வயதில், பேத்தி எடுக்கிற காலத்தில், தாயின் மடிக்காகத் தங்கையோடு சண்டை போடும் பிள்ளையின் பொறாமை.

ஆறு படங்கள் சுலபமாக முடிந்தன. ஏழாவதுதான் தகராறு செய்தது. செல்வி நர்சிங் படிக்கச் சேர்ந்த அன்று, ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம். நடுவில் அம்மா, இடப்பக்கம் நான், வலப்பக்கம் செல்வி. அம்மாவின் ஒரு கை செல்வியின் தோளில் இருக்கும். என் பக்கத்துக் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். எத்தனை வருடங்களாக நான் அந்தப் படத்தை அப்படித்தான் பார்த்துவந்தேன் தெரியுமா!

தோளில் இருந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. செல்வியை எடுத்தால் விரல்களும் போகும். கொஞ்சம் யோசித்தேன்... மணிக்கட்டோடு வெட்டினேன்.

வெட்டிய துண்டுகளை எறியத் துணிவு வரவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டுத் துணி அலமாரியில் வைத்தேன். வெற்றிடங்களை எல்லாம் பாசியால் மூடினேன். அகலமான இடங்களில் கஞ்சிப்பாசி. அந்தக் கை முடிகிற இடத்தில் மட்டும் மரிக்கொழுந்துப் பாசி, இழை அடர்த்தியாக, அம்மா அதிகம் எடுத்த பாசி அதுதான். பழைய வரிகளின் மேல் வண்ணத்தாள் ஒட்டிப் புதிதாக எழுதினேன். “அம்மாவும் முனீஸ்வரியும்.” செல்வி இருந்த ஏழு பக்கங்களிலும் அதேதான்.

முதல் சில நாட்கள் அம்மா தேடினாள். ஸ்டுடியோ படத்தில் விரலை வைத்து, “செல்வி இருந்தாளே இங்கன?” என்றாள்.

நான் வாசித்தேன். “அம்மாவும் முனீஸ்வரியும்.”

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அப்ப நாந்தான் தப்பா நெனச்சுக்கிட்டேன் போல.”

இதைக் கேட்டும் நான் நிறுத்தவில்லை. என் குற்றம் பிளேடில் இல்லை; அது ஒரு பிற்பகல் நேரத்துப் புத்திகெட்டத்தனம் என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு, மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆல்பத்தை எடுத்துவந்து, குரல் நடுங்காமல் வாசித்தேனே... அதற்கு என்ன சொல்வீர்கள்?

மழைக்காலம் முடிவதற்குள் அவள் செல்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருந்தபோது, “முனீசு, மெதுவா இழு, வலிக்குது” என்றாள். முனீசு! அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. சீப்பைக் கையில் பிடித்தபடி அழுதேன். ஆம், மகிழ்ச்சியாக இருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் சில மாதங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். பாசியின் மேல் விரலை ஓட்டி, இது கஞ்சி, இது மரிக்கொழுந்து என்று பெயர் சொல்வாள். சரியாகச் சொல்கிறாயே என்று கன்னத்தைக் கிள்ளுவேன். ஞாயிறுகளில் போனைக் காதில் வைத்தால் யார் பேசுவது என்று கேட்டுத் திருப்பித் தந்துவிடுவாள்.

செல்வி பங்குனியில் இரண்டு நாள் விடுப்பில் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைத்தான் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

“அம்மா... நான் செல்விம்மா.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பார்த்தாள். பிறகு ஜன்னலடியிலிருந்து ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்தாள். விரலை எச்சில் தொட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பாள், நிமிர்ந்து செல்வியின் முகத்தைப் பார்ப்பாள், அடுத்த பக்கத்துக்குப் போவாள். பதினெட்டுப் பக்கமும் பார்த்தாள். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வியும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, “இதுல இல்லையே நீயி” என்றாள் அம்மா.

செல்வி எழுந்து கொல்லைப்புறம் போனாள். தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தவள், அவள் படங்கள் எங்கே என்று என்னிடம் கேட்டாள். கோபமாக இல்லை, சும்மாதான் கேட்டாள். அவளுக்குத் தனியாக ஒன்று செய்யலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை என்று சொன்னேன். நம்பினாள். அக்கா சொன்னால் நம்புகிறவள்தான் அவள், சின்ன வயதிலிருந்தே.

நான் அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று அவள் தவறாகப் புரிந்துகொண்டாள். என் தோளைச் சேர்த்துப் பிடித்தாள்.

“அழாதக்கா. கிட்டக்க இருக்கவுகளத்தான் கடைசி வரைக்கும் தெரியும், நான் வார்டுல பாக்குறேன்ல. நான் தூரத்துல இருந்துட்டேன், ஏம் மேலதான் தப்பு. ஒன்னையவாச்சும் தெரியுதே, அது போதும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்! பிஸ்கட் டப்பா பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்து அவள் மடியில் கொட்டியிருக்கலாம். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழம்பு வைக்கவா, வறுக்கவா என்று மீனைப் பற்றிக் கேட்டேன்.

மறுநாள் பிற்பகல் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா அதே இடத்தில் ஆல்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். தரையில் பாசித் தூள் சிதறிக் கிடந்தது. ஸ்டுடியோ படத்தில் மரிக்கொழுந்துப் பாசியை நகத்தால் நெம்பி, ஒரு இழை விடாமல் எடுத்திருந்தாள். கீழே வெறும் அட்டை. அவளுடைய கை மணிக்கட்டில் முடிந்திருந்தது.

அந்த விளிம்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

“இங்கன கத்தி போட்ருக்காக முனீசு” என்றாள். “கையால எடுக்கல. வேரே இல்ல பாரு... இனி மொளைக்காது.”

யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பாறையைச் சுரண்டியவர்கள்மேல் வருகிற அந்தப் பழைய கோபம் முகத்தில் இருந்தது. அன்று மாலைவரை என்னோடும் பேசவில்லை.

அன்றே டப்பாவைத் திறந்தேன். மற்றப் பக்கங்களின் பாசியையும் நீக்கிவிட்டு, ஏழு துண்டுகளையும் அதனதன் இடத்தில் வைத்து, பின்பக்கம் மெல்லிய தாள் கொடுத்து ஒட்டினேன். அம்மாவின் விரல்கள் திரும்பவும் அவள் கையோடு சேர்ந்தன. எவ்வளவு திறமையாகச் செய்தும் வெட்டிய கோடு தெரிந்தது. வரிகளைப் பழையபடி எழுதினேன். மறுநாள் காலை மடியில் வைத்து வாசித்தேன்: “அம்மாவும் முனீஸ்வரியும் செல்வியும்.”

யார் இந்தப் பெண், என் கை அவள் மேல் இருக்கிறதே என்று கேட்டாள்.

செல்வி அம்மா, உன் சின்ன மகள், நீ பெற்றவள் என்றேன். மூன்று முறை சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

“அப்புடியா” என்றாள். “லட்சணமா இருக்கா.” பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

ஒரு வருடமாகத் தினமும் வாசிக்கிறேன். செல்வி பிறந்த கதை, அவள் கடலில் முங்கப் பயந்த கதை, நர்ஸ் உடுப்பில் முதன்முதலாக வந்து நின்ற கதை, எல்லாம் சொல்கிறேன். அம்மா பக்கத்து வீட்டுக் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்கிறாள். மறதி எப்படியும் செல்வியைக் கொண்டுபோயிருக்கும், நான் வெட்டாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். இருக்கலாம்... ஆனால் என்னையும் கொண்டுபோயிருக்க வேண்டுமே? என்னைத் திருப்பிக் கொண்டுவந்த அதே வாசிப்பு, அவளை வைத்துக் காப்பாற்றியிருக்காதா? இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

இப்போது ஆல்பம் செய்து தரச் சொல்லி யாராவது படங்களைக் கொண்டுவந்தால், பாசி ஒட்டுவதில்லை. கேட்டால் பாசி கிடைப்பதில்லை என்கிறேன். வெளியே இறங்கினால் கடல்! அதையும் நம்பிக்கொண்டு போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வியின் போன் வருகிறது. மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரிப்பாள். கடைசியில், அவ்வளவு முக்கியமில்லாததுபோல, ஒன்று கேட்பாள்.

“அம்மா என்னையக் கேட்டுச்சாக்கா?”

“கேட்டுச்சு. நேத்துக்கூடக் கேட்டுச்சு.”

அந்தப் பக்கம் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று மூச்சிலேயே தெரியும். ஒவ்வொரு வாரமும் அந்தப் பொய்யைக் கொஞ்சம் பெரிதாக்கித் தருகிறேன். எந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டாள், என்ன சொன்னாள் என்றெல்லாம் சேர்க்கிறேன். முன்பு அம்மாவுக்குச் செய்ததை இப்போது தங்கைக்குச் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

பக்கத்தில் அம்மா, மடியில் ஆல்பத்தோடு, அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருப்பாள். யாருத்தா போனில் என்று கேட்பாள். உன் மகள் என்பேன். அவள் சிரித்துவிட்டு என் கன்னத்தைத் தடவுவாள்.

“எனக்கு நீ ஒருத்திதானே முனீசு.”

எந்த வார்த்தைக்காகப் பிளேடை எடுத்தேனோ, அதே வார்த்தை. அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று நான் போனைக் கையால் பொத்திக்கொள்கிறேன்.